குங்குமப்பூ கிழங்கு வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று படியுங்கள்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 7,000 ரூபாய் போச்சு.

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, குளிரும் இருக்கிறது, குங்குமப்பூ போட்டுப் பார்க்கலாமே என்று தேடியபோது சமூக ஊடகத்தில் கிழங்கு விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. "காஷ்மீர் பாம்பூர்ல இருந்து நேரா இறக்குறோம்க்கா" என்றான். ஃபோன் போட்டு, வெயில் எவ்வளவு நேரம் விழும், மழைத்தண்ணி தேங்குமா என்றெல்லாம் அவனே கேட்டான். தேங்கினால் கிழங்கு அழுகிடும், மேட்டுப்பாத்தி போடுங்கக்கா என்றான். அங்கேதான் நம்பிக்கை வந்தது. ஏமாற்றுகிறவன் மேட்டுப்பாத்தி பற்றியா பேசுவான்? பேசுவான் போலிருக்கிறது. 150 கிழங்கு, ஒன்று 45 ரூபாய், கூரியர் 250, மொத்தம் 7,000, முழுசும் முன்பணமாக யூபிஐயில் போட்டேன்.

ஆகஸ்டில் நட்டேன். முளைத்தது, ஆனால் இலை விரல் அகலத்துக்கு, கத்தி மாதிரி நிமிர்ந்து நின்றது. குங்குமப்பூ இலை புல்லைப் போல ஒல்லியாக, நடுவில் வெள்ளைக் கோட்டோடு இருக்கும். பூ வளர்க்கிற பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "கிளாடியோலஸ் எதுக்கும்மா இவ்வளவு போட்டிருக்கே?" என்றார். அது வேறொரு அழகுப் பூச்செடி, குங்குமப்பூவே இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன். "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க மேடம்." அதுவரை அக்கா, அன்றிலிருந்து மேடம்! தண்ணி ஜாஸ்தியானால் கிழங்கு அழுகும், சாதியே மாறுமா? அடுத்து "மண்ணு சரியில்ல", அப்புறம் "காஷ்மீர் டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன்", அதற்கப்புறம் என் மெசேஜுக்கு ஒற்றை டிக்தான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 7,000 ரூபாய்க்கு கிளாடியோலஸ் வாங்கி யாராவது வளர்ப்பார்களா?

விவரமாக டிப்ஸ் எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. குங்குமப்பூ 'விதை' என்று எவன் விற்றாலும் பொய், அந்தச் செடி விதையே வைக்காது, கிழங்கு மட்டும்தான். எட்டு பத்து கிராமாவது இல்லாத கிழங்கு முதல் வருஷம் பூப்பது சந்தேகம். பாம்பூரில் பூப்பது அக்டோபர், நவம்பரில். ஆகஸ்டில் "இப்போ எடுத்த வீடியோ" என்று ஊதா வயலைக் காட்டினால் அது பழசு. முழுப் பணத்தை முன்னாடி கொடுக்காதீர்கள். கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நானும் புகார் கொடுத்துவிட்டேன்.

அவன் பக்கத்தில் இன்றைக்குக் காலையில்கூட "ஸ்டாக் கொஞ்சம்தான் இருக்கு" என்று புதுப் பதிவு.