காயலாங்கடைக்காரர் கையில சிக்கியும் தப்பிச்ச கரி ரயில் – ஈஸ்ட் பிராட் டாப், பென்சில்வேனியா

5-க்கு நாலரை குடுப்பேன். அந்த அரை ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன், அதுல ரயில் மேல தப்பு எதுவும் இல்ல.

அப்பா ஊர்லருந்து வந்திருந்தாரு. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, நயாகரா காட்டினேன் "ம்"னாரு, நியூயார்க் காட்டினேன் அதுக்கும் "ம்"தான். சரி இவருக்கு இரும்புதான் சரிப்படும்னு நியூஜெர்சிலருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டி, டர்ன்பைக்ல (சுங்கச் சாலை) ஃபோர்ட் லிட்டில்டன்ல இறங்கி 522ஆம் நம்பர் ரோட்டுல வடக்கால போயி ராக்ஹில் ஃபர்னஸ்னு ஒரு குட்டி ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியில ஒரு கடையில "நோ மீட்"னு மூணு தடவை சொல்லியும் உருளைக்கிழங்கு மேல பன்னி வறுவலைத் தூவிக் குடுத்துட்டாங்க, நல்லவேளை வீட்டம்மா புளியோதரை கட்டிக் குடுத்திருந்தா.

இது டூரிஸ்டுக்காகப் போட்ட ரயில் இல்லங்க, அத முதல்ல புரிஞ்சுக்கணும். பிராட் டாப் மலையில இருக்கிற நிலக்கரிய மவுன்ட் யூனியன்ல பென்சில்வேனியா ரயில்ரோடு மெயின் லைனுக்குக் கொண்டு வந்து சேக்கறதுக்குன்னே போட்ட 33 மைல் லைன். கம்பெனி பதிவு பண்ணது 1856ல, ஆனா வேலை ஆரம்பிச்சதே 1872ல, 1874ல ராபர்ட்ஸ்டேல் சுரங்கம் வரைக்கும் போயிட்டாங்க, நடுவுல மலையக் குடைஞ்சு ரெண்டு டனல். மூணு அடி கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிற அகலம். நம்ம ஊட்டி ரயில் மீட்டர் கேஜ் இல்லையா, அதவிட மூணு இன்ச்சுக்கு மேல குறுகல். ஆனா இன்ஜின் அந்த மாதிரி குட்டியா இருக்கும்னு நெனச்சுப் போகாதீங்க, பால்ட்வின் கம்பெனி செஞ்ச மிகாடோங்கற வகை ஸ்டீம் இன்ஜின், எட்டு டிரைவிங் சக்கரம், நின்னா ஆள மெரட்டும். 1911லருந்து 1920க்குள்ள வாங்கின ஆறு மிகாடோவும் இன்னிக்கும் அதே ஷெட்ல நிக்குது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை மவுன்ட் யூனியன் கதைதான். குறுகல் லைன்ல வர்ற கரிய அகல லைன் வண்டிக்கு மாத்தணும், அங்க இருந்த ப்ளான்ட்ல கழுவிப் பிரிச்சு பெரிய வண்டியில கொட்டிடுவாங்க, அது பரவால்ல. மத்த சரக்கு அகல லைன் வண்டியில வந்தா? இறக்கி ஏத்துறதுக்கு ஆள் கூலி யாரு குடுக்கறது? அதனால பெரிய மரத்தடி தூக்கறதுக்கு வெச்சிருந்த கிரேனால வண்டிய ஒரு பக்கமாத் தூக்கி, அகல போகிய உருட்டி வெளிய எடுத்துட்டு குறுகல் போகிய உள்ள தள்ளி, அப்புறம் அடுத்த பக்கம். அவ்ளோதான், அதே பெட்டி சரக்கோட மலைக்குக் கெளம்பிடும். (போகின்னா நாம பெட்டியச் சொல்லிடறோம், அப்பா திருத்தினாரு, அடியில இருக்கிற சக்கரச் செட்டுதான் போகியாம்.) அந்தப் பழைய போட்டோவப் பாத்தா சின்னப் பையன் செருப்ப மாட்டிக்கிட்டு பயில்வான் நடக்கற மாதிரி இருக்கு.

நல்லாத்தான் ஓடிட்டிருந்துது. மத்த நேரோகேஜ் கம்பெனிங்க எல்லாம் மரப்பெட்டியோட மல்லாடினப்போ இவங்க 1913லயே முழு இரும்பு கரி வண்டிக்கு மாற ஆரம்பிச்சாச்சு. ஆனா இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் வீட்ட சூடு பண்ண எண்ணெயும் கேஸும் வந்துடுச்சு, பெரிய ரயில் கம்பெனிங்களும் டீசலுக்கு மாறிட்டாங்க, கரி கேக்க ஆள் இல்ல, சுரங்கம் மூடுச்சு, 1956 ஏப்ரல்ல ரயிலும் நின்னுடுச்சு. மொத்தத்தையும் வாங்கினது நிக் கோவல்சிக்னு ஒரு பழைய இரும்பு வியாபாரி. காயலாங்கடைக்காரர் கையில ரயில் கெடைச்சா என்ன ஆகும்? ஆனா மனுஷன் மெயின் லைன்ல பெரும்பகுதிய அப்படியே விட்டு வெச்சாரு, இன்ஜின்ல கை வைக்கல. 1960ல ஊர்த் திருவிழாவுக்காக கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினாங்க, அப்படியே டூரிஸ்ட் ரயிலாயிடுச்சு, 1964ல தேசிய வரலாற்றுச் சின்னமும் ஆக்கிட்டாங்க. 2011க்கு அப்புறம் மறுபடி நின்னு போச்சு. 2020ல ஒரு ஃபவுண்டேஷன் வாங்கி, 2023ல 16ஆம் நம்பர் இன்ஜின ஓட வெச்சாங்க. 1956ல நின்ன இன்ஜின் அது!

ரயில் சவாரி எப்படின்னா, நிதானமா போகுது, வயல், மாட்டுத் தொழுவம், கொஞ்சம் காடு, கோல்கேட் குரோவ்ங்கற இடத்துல ஒய் மாதிரி போட்ட தண்டவாளத்துல திரும்பி வருது. குன்னூர் மாதிரி பள்ளத்தாக்கு, பாலம்னு எதிர்பாத்தா ஏமாந்துருவீங்க, அந்த அரை மார்க் அதுக்குத்தான். டனல் எல்லாம் தெற்கால மலைப்பக்கம், நாங்க போன பக்கம் கிடையாது. கரிப்புகை வாசம் மட்டும் அசல்.

ஆனா ஒர்க்‌ஷாப் டூர், அதுக்கு அஞ்சுக்கு பத்து குடுக்கலாம். உள்ள நுழைஞ்சதும் தலைக்கு மேல நீளமா ஒரு ஷாஃப்ட், அதுலருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட் இறங்குது, லேத்து, டிரில், பிளேனர் எல்லாத்துக்கும் ஒரே ஒரு ஸ்டீம் இன்ஜின்தான் முதலாளி. நடுவுல பெல்ட்ட நகத்தறதுக்கு மரக்கம்பு தொங்குது, அது பிடிச்சுப் பிடிச்சு ஒரு இடத்துல மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு. அப்பா அங்கயே நின்னுட்டாரு. "நான் வேலைக்கு சேரும்போதே மெஷினுக்கு ஒரு மோட்டார் வந்துருச்சுடா, இதெல்லாம் பெரியவங்க சொல்லிக் கேட்டதுதான்"னாரு. 1927ல பிரில் கம்பெனி சாமான வாங்கி இந்தப் பட்டறையிலயே சேத்துக் கட்டின எம்-1ங்கற பெட்ரோல் எலக்ட்ரிக் ரயில்கார்கூட இவங்ககிட்ட இருக்கு. டூர் காட்டினவரு பெல்ட் அறுந்தா எப்படி தைப்பாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாரு, அப்பா தமிழ்ல குறுக்க பூந்து கையாலயே தெச்சுக் காட்டினாரு, ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொது இல்ல, ஆனா கால் மணி நேரம் பேசினாங்க. மூணு நாள் "ம்" சொன்ன மனுஷன்.

போறவங்களுக்கு: எல்லா நாளும் ஸ்டீம் இல்ல, டீசல் இழுக்கற நாளும் உண்டு, அட்டவணைல ஸ்டீம்னு போட்டிருக்கான்னு பாத்து புக் பண்ணுங்க. ஒர்க்‌ஷாப் டூர மொதல்ல முடிச்சிட்டு அப்புறம் ரயில் ஏறுங்க, நாங்க மாத்திப் பண்ணி அப்பாவ வெளிய இழுத்துட்டு வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. பக்கத்துலயே டிராம் மியூசியம் ஒண்ணு இருக்கு, அதுக்கு எங்களுக்கு நேரமே இல்ல. வெள்ளைச் சட்டை வேண்டாம், எஞ்சினுக்கு அடுத்த பெட்டில உக்காந்தா கண்டிப்பா வேண்டாம். சாப்பாடு கையோட கொண்டு போயிடுங்க.