25 மி.மீ. சர்ஃபேசிங் பிட்: பிட் நன்று, ஸ்பிண்டிலைப் பார்த்துவிட்டு வாங்கவும்

சி.என்.சி. ரூட்டரின் (கணினி வழிநடத்தும் செதுக்கு எந்திரம்) ஸ்பாயில்போர்டை, அதாவது வேலைப்பொருளுக்கு அடியில் இருக்கும் பலகையை, சமன்செய்வதற்காக, 8 மி.மீ. தண்டும் 25 மி.மீ. விட்டமும் உடைய, இரண்டு சதுர கார்பைடு இன்சர்ட்டுகளை (கழற்றி மாற்றக்கூடிய வெட்டு அலகுகள்) திருகால் இறுக்கிக்கொள்ளும் வகைப் பிட் (சுழன்று வெட்டும் கருவி) ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் அது விட்டுச்செல்லும் தளம், ஒரே ஓட்டத்தின் அகலத்துக்குள் பார்த்தால், உப்புத்தாளே தேவைப்படாத அளவுக்கு வழவழப்பாக இருக்கிறது. ஓர் ஓட்டமும் அடுத்த ஓட்டமும் சேரும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் படிவரிகளைக் கண்டு பிட்டைத் திருப்பியனுப்புவோர், பெரும்பாலும் குற்றமற்ற பொருளைத்தான் திருப்பியனுப்புகிறார்கள் என்று கருதுகிறேன்.

காரணம் எளிய கணக்குதான். ஸ்பிண்டில் (பிட்டைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) 100 மி.மீ.க்கு 0.5 மி.மீ. சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். 6 மி.மீ. பிட்டை 3 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால், ஒவ்வொரு சேர்விலும் எழும் படி 0.015 மி.மீ. மட்டுமே, அது கைக்கு எளிதில் தெரியாது. அதே எந்திரத்தில் 25 மி.மீ. பிட்டை 15 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் படி 0.075 மி.மீ. ஆகிவிடுகிறது. சாய்வு முன்பே இருந்தது; அகலமான பிட் அதை ஐந்து மடங்காக்கிக் காட்டுகிறது. ஆகவே, சிறிய பிட்டில் வரும் மெல்லிய வரிகளைப் போக்கலாம் என்று நம்பி இதை வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் இந்தப் பிட்டே காட்டிவிடும். ஒய் அச்சின் (முன்பின் திசை) வழியாக ஓட்டும்போது வரிகள் ஒரே பக்கம் உயர்ந்த ரம்பப் பற்களைப் போல அமைந்தால் ஸ்பிண்டில் இடமாகவோ வலமாகவோ சாய்ந்திருக்கிறது. எக்ஸ் அச்சின் (இடவலத் திசை) வழியாக ஓட்டும்போது அப்படி அமைந்தால் சாய்வு முன்பின்னாக இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கோலெட்டில் (ஸ்பிண்டிலில் தண்டைப் பிடிக்கும் கவ்வி) பிடித்த கம்பியின் முனையில் டயல் கேஜை (நுண்ணிய உயர வேறுபாட்டை முள்ளால் காட்டும் அளவுகருவி) கட்டி, கையால் முழு வட்டம் சுற்றி அளந்தால் சாய்வு எண்ணாகவே கிடைத்துவிடும். ஸ்பிண்டில் தாங்கியின் போல்ட்டுகள் 80 மி.மீ. இடைவெளியில் இருந்தால், மேற்சொன்ன சாய்வைச் சரிசெய்ய ஒரு பக்கத்தில் 0.4 மி.மீ. தகடு வைத்தால் போதும். வைத்து இறுக்கிய பின் மறுபடியும் அளக்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போதே அளவு சற்று நகரும்.

படிவரிகள் மறைந்த பின்னும் ஓட்டத்தின் குறுக்கே நெருக்கமான கோடுகள் தெரிந்தால், அப்போது பிட்டைச் சந்தேகிக்கலாம். நிமிடத்துக்கு 18,000 சுழற்சியும் 3,600 மி.மீ. ஃபீடும் (பிட் முன்னேறும் வேகம்) வைத்தால், இரண்டு இன்சர்ட்டும் சமமாக வெட்டும்போது ஒரு வெட்டுக்கு 0.1 மி.மீ. வரும். பக்கவாட்டு வெளிச்சத்தில் உருப்பெருக்கி வைத்துப் பார்க்கையில் கோடுகள் 0.2 மி.மீ. இடைவெளியில் இருந்தால், ஓர் இன்சர்ட் மட்டுமே தளத்தை முடிக்கிறது, மற்றது சற்றே மேலே நிற்கிறது என்று பொருள். என்னிடம் உள்ள பிட்டில், இன்சர்ட் அமரும் பள்ளத்தில் மரத்தூள் சிக்கியிருந்தாலே இந்த நிலை வந்துவிடுகிறது. துடைத்து, இன்சர்ட்டைப் பள்ளத்தின் சுவரோடு அழுத்திப் பிடித்துத் திருகினால் பெரும்பாலும் நீங்கிவிடும். நீங்காவிட்டால் கோலெட்டைக் கழற்றிச் சுத்தம்செய்வதும், தேய்ந்திருந்தால் மாற்றுவதும் அடுத்த வேலை.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் பொருந்தாமல் அலையலையாக வரும் தடங்கள் அதிர்வால் வருபவை. தண்டு கோலெட்டிலிருந்து வெளியே நீளும் அளவை இரட்டித்தால் அதே விசையில் அது எட்டு மடங்கு வளையும் என்பதால், தண்டை இயன்றவரை உள்ளே செலுத்திப் பிடிக்க வேண்டும். கேன்ட்ரியை (ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் பாலம் போன்ற சட்டம்) கையால் அசைத்து, சக்கரங்களில் ஆட்டம் இருந்தால் அதையும் போக்க வேண்டும்.

பொருளில் எனக்கு உள்ள குறைகள் இரண்டு. உடன்வரும் தாளில் உச்சச் சுழற்சி வேகம் மட்டுமே இருக்கிறது; ஃபீடு, ஆழம் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்சர்ட் திருகுகள் மிகச் சிறியவை. அவற்றின் தலையும் எளிதில் மழுங்குகிறது. மாறாக, ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் நான்கு முனைகள் இருப்பதால், மழுங்கியதும் கால் சுற்றுத் திருப்பி வைத்துத் தொடரலாம். பிட்டைச் சாணை பிடிக்க அனுப்பும் வேலை இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்புவது அவசியம். ஒன்றை மட்டும் திருப்பினால் முன்சொன்ன 0.2 மி.மீ. கோடுகள் திரும்பவும் தோன்றக்கூடும். வாங்குபவர்கள் உதிரித் திருகுகளையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.