படிவம் 12-ஏ: இங்கே விற்காத மருந்தை வரவழைக்கும் அனுமதி எப்படி?

இந்தியாவில் பதிவாகாத மருந்தை நோயாளி சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கச் சட்டம் இடம் தருகிறது: 1945 மருந்து விதிகள், விதி 36. பயணி தன் பயணப் பெட்டியில் கொண்டுவந்தால் ஒரு மருந்துக்கு 100 டோஸ் வரை. ஆனால் பயணிக்கே உரிய மருந்தாக இருக்க வேண்டும். துபாயிலிருந்து வரும் மச்சானிடம் கொடுத்தனுப்பச் சொல்வது இதில் சேராது. கூரியர் என்றால் படிவம் 12-ஏ-வில் விண்ணப்பித்து, 12-பி அனுமதி வாங்க வேண்டும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ‘சுகம்’ தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

படிவம் எளிது. மாட்டிக்கொள்வது மருந்துச்சீட்டில்தான். “தினம் 2, தொடர்ந்து” என்று மட்டும் எழுதியிருந்தால் எத்தனை மாத்திரைக்கு அனுமதி தருவது? மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக்), மில்லிகிராம், நாளுக்கு எத்தனை, எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு என எல்லாம் சீட்டிலேயே வேண்டும். டப்பா அளவையும் முன்கூட்டியே விசாரியுங்கள். தினம் 2 வீதம் 90 நாளுக்கு 180 மாத்திரை. டப்பாவுக்கு 56 என்றால் 4 டப்பா வாங்க வேண்டிவரும், அதாவது 224. அனுமதியைத் தாண்டிவிடும். 84 நாளுக்கு எழுதி வாங்கினால் 168, சரியாக 3 டப்பா.

அடுத்தது நம்மூர் இனிஷியல் தொல்லை. ஆதாரில் பின்னால், சீட்டில் முன்னால், இன்வாய்ஸில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் கஸ்டம்ஸில் கேள்வி வரும். மூன்றிலும் ஒரே மாதிரி போடச் சொல்லுங்கள்.

அனுமதி வாங்கும் வரைக்கும் ‘சுகம்’ நல்ல சேவைதான். அதற்குப் பிறகு நீங்கள் தனி ஆள். 12-பி இருப்பதால் கம்பெனி மருந்தை விற்றே ஆக வேண்டும் என்றில்லை. இன்னும் சோதனைக் கட்டத்திலுள்ள மருந்துக்கு வழியே வேறு: புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளின் 2020 திருத்தத்தின்படி மருத்துவமனைதான் விண்ணப்பிக்க வேண்டும். சுங்கவரியும் தனிக் கணக்கு. 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் உள்ள நோய்களுக்குச் சொந்த உபயோக மருந்துக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்கவரி இல்லை. அதற்கு மத்திய அல்லது மாநில சுகாதாரப் பணி இயக்குநர், மாவட்ட மருத்துவ அலுவலர், சிவில் சர்ஜன் இவர்களில் ஒருவரின் சான்றிதழ் வேண்டும். பார்சல் இறங்கிய பிறகு அதற்கு அலையக்கூடாது.

2 முதல் 8 டிகிரியில் வைக்கவேண்டிய ஊசி மருந்து என்றால் வெள்ளி இரவு வந்திறங்கும்படி அனுப்பவிடாதீர்கள். சனி, ஞாயிறு தாமதமானால் ஐஸ் பேக் தாங்காது. வாரத் தொடக்கத்தில் இறங்கும்படி அனுப்பச் சொல்லி, வெப்பநிலை பதியும் கருவியையும் பெட்டிக்குள் கேட்டு வாங்குங்கள். பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு மருந்தைத் தொடுங்கள்.