முருங்கை விதையா, தேங்காய் நாரா, கல்வாழையா? வீட்டுச் சோப்புத் தண்ணீருக்கு எது சரி

குளியல், துணி, பாத்திரம் இந்த மூன்றின் தண்ணீரைச் செடிக்கு விடும் அளவுக்குச் சுத்தப்படுத்துவது பற்றி மட்டும்தான் இந்த அலசல். கழிப்பறைத் தண்ணீர் இதில் சேராது, அது செப்டிக் டேங்க் சமாச்சாரம். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் கொடுக்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. நாலு பேர் வீட்டில் அது 220 லிட்டர். அதில் 140 லிட்டராவது சோப்போடு வெளியே போகும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் யூடியூப் செல்லப்பிள்ளையான முருங்கை விதை. விஷயம் பொய்யில்லை. சூடானில் நைல் ஆற்றின் கலங்கல் தண்ணீரைப் பெண்கள் காலங்காலமாக இதை வைத்துத்தான் தெளிய வைத்தார்கள். விதையில் இருக்கும் நேர்மின் புரதம், எதிர்மின் உள்ள களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக் கீழே இறக்கிவிடும். நம் ஊர்த் தேத்தாங்கொட்டையும் கலங்கல் தெளிய வைக்கத்தான். ஆனால் துணி துவைத்த தண்ணீரில் இருப்பது சேறு இல்லையே! ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை எடுத்து, விதைப்பொடி கலக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் பஞ்சு மாதிரி கொஞ்சம் படியும், மேலே இருப்பதை விரலில் தேய்த்தால் வழுவழுப்பு பெரும்பாலும் இருக்கும். கரைந்த சோப்பும் சோற்றுக் கஞ்சியும் அவ்வளவு சுலபத்தில் படியாது. போதாக்குறைக்கு, விதையின் மிச்சச் சத்து தண்ணீரிலேயே தங்கி மறுநாள் நாற்றமெடுக்கும். லிட்டருக்கு ஒரு விதை என்ற தோராயக் கணக்கில் பார்த்தாலும் தினமும் எட்டு, பத்து முற்றிய காய் வேண்டும். கலங்கிய கிணற்றுத் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளலாம், இதற்கு வேண்டாம்.

தேங்காய் நாரும் கொட்டாங்குச்சிக் கரியும் அடுக்கிய டிரம் அதைவிடத் தேவலாம். நார் சீக்கிரம் மக்காது. முடி, பருக்கை, துணிப்பிசிறு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் மேலேயே நிறுத்திவிடும். கரி வாடையை இழுக்கும், ஆனால் நிரம்பிவிட்டால் அவ்வளவுதான், மாற்றியே ஆக வேண்டும். புது நாரில் முதல் சில குடம் டீத்தண்ணி நிறத்தில் வரும், பயப்பட வேண்டாம். கொல்லை இல்லாத வீட்டுக்கு இதுதான் வழி.

கொல்லை இருந்தால் என் ஓட்டு கல்வாழை (கன்னா பூச்செடி) நட்ட ஜல்லிக் குழிக்குத்தான். கிணற்றடித் தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் விட்ட பழைய ஏற்பாட்டின் ஒழுங்கான வடிவம் இது. ஆளுக்குப் பத்து சதுர அடி, ஆழம் இரண்டடி. குழியில் கெட்டியான தார்ப்பாய் விரித்து முக்கால் இஞ்ச் அளவு ஜல்லிக்கல்லை மேல்வரை நிரப்பி, கல்வாழைக் கிழங்கை நடுங்கள். நாலு பேர் வீட்டுக் குழி என்றால் ஜல்லி இடுக்குகளில் சுமார் 900 லிட்டர் நிற்கும். அப்படியென்றால் இன்று விட்ட தண்ணீர் ஐந்தாறு நாள் உள்ளே தங்கித்தான் வெளியே வரும். உண்மையில் வேலை செய்வது செடி அல்ல, கல்லிலும் வேரிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள். சோப்பையும் அழுக்கையும் தின்பது அவைதான். செடி அவற்றுக்கு இடமும் கொஞ்சம் காற்றும் கொடுத்து, தழைச்சத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது.

வெளியேறும் குழாயில் ஒரு எல்போ (வளைவுத் துண்டு) போட்டு, தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு இரண்டு இஞ்ச் கீழேயே நிற்கும்படி வையுங்கள். மேலே தண்ணீர் தெரிந்தால் கொசுப் பண்ணைதான். வெட்டிவேரும் நடலாம், உப்பைத் தாங்கும். ஆனால் நிழலில் சவலையாகத்தான் நிற்கும்.

இதைக் கெடுப்பது சமையலறை எண்ணெய். பாத்திரத் தண்ணீரை முதலில் ஒரு நார்க் கூடை வழியாக விட்டால் ஜல்லி அடைக்காது. அந்த நாரை மட்டும் அவ்வப்போது மாற்றினால் போதும். அப்படியும் அடைத்தால் தண்ணீர் நுழையும் பக்கத்து ஒரு அடி ஜல்லியைக் கழுவித் திரும்பப் போடுங்கள். சோடா உப்பு அதிகமுள்ள வாஷிங் பவுடர் மண்ணையும் கெடுக்கும், லிக்விட் பரவாயில்லை. வெளிவரும் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் தாராளமாக விடலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம்.