1965 ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பழையபடி ஆக்க எந்தப் பாகம் வாங்கலாம்?

1970களிலும் 80களிலும் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்த பலர் அதில் கைவைத்தார்கள். பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கம் டிமார்ஸியோ நிறுவனத்தின் ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்); தலையில் ஷாலர் நிறுவன டியூனர் (தந்தியை இறுக்கும் முறுக்காணி), கழுத்து நுனியில் தந்திகள் பதியும் பித்தளை நட், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்ச். அன்றைக்கு அது வெறும் பழைய கிட்டார். இன்று அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்ப நினைப்பவர்களுக்குக் கடையில் கிடைக்கும் பாகங்களில் எது காசுக்குப் பெறும் என்பதே இங்கே பேச்சு. மரத்தில் புதுத் துளை விழக் கூடாது, பெயிண்டைத் தொடக் கூடாது. இந்த இரண்டுக்கும் ஒத்துவருவதே நல்ல பாகம்.

முதலில் வாங்க வேண்டியது டியூனருக்கான கன்வெர்ஷன் புஷிங், அதாவது பெரிதான துளையில் பொருந்தி டியூனர் தண்டைத் தாங்கும் உலோக வளையம். தொழிற்சாலையில் மாட்டிய பழைய க்ளூசன் டியூனருக்குத் தலையில் சுமார் 8.8 மி.மீ. துளை. ஷாலர் மாட்டியவர்கள் அதை 10 மி.மீ. ஆக்கிவிட்டார்கள். குச்சி வைத்து அடைத்து மறுபடி துளைத்தால் தலையின் முகப்பில் ஆறு வட்டத் தழும்பு நிரந்தரமாக நிற்கும். வெளி விட்டம் 10 மி.மீ., உள் விட்டம் கால் அங்குலம் உள்ள புஷிங் போட்டால் மரத்தைத் தொடவே வேண்டாம். எட்ட நின்று பார்த்தால் தெரியாது; கிட்டப் போனால் விளிம்பு சற்று அகலமாகத் தெரியும், அவ்வளவே. இதைச் சுத்தியால் அடிக்காதீர்கள். லாக்கர் (மரத்தின் மேற்பூச்சு) துளையைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிக்கும். ஒரு போல்ட், இரண்டு வாஷர் வைத்து மெல்ல மெல்ல இறுக்கி உள்ளே இழுங்கள். துளை தளர்வாக இருந்தால் மெல்லிய காகிதம் ஒரு சுற்று போதும். சூப்பர் க்ளூ போட்டால், பிறகு கழற்றும்போது லாக்கரையும் பிய்த்துக்கொண்டு வரும். டியூனரில் இரட்டை வரி முத்திரை உள்ள க்ளூசன் டீலக்ஸ் கேளுங்கள். ஒற்றை வரி முத்திரை அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு உரியது.

பிரிட்ஜ் வாங்கும்போதுதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஆறு திருகு வகையில் முதல் திருகின் நடுவிலிருந்து கடைசித் திருகின் நடுவரை 2 7/32 அங்குலம், அதாவது 56.4 மி.மீ. இருக்க வேண்டும். ‘விண்டேஜ் ஸ்டைல்’ என்று விற்பவற்றில் பல 52.4 மி.மீ.தான். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், துளையில் உட்காராது. ஆர்டர் போடும் முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடியில் இருக்கும் கட்டை வார்ப்பு உலோகமாக இல்லாமல் எஃகாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 1965 மாடலுக்கு எஃகுதான் சரி.

மின்பாகங்களைப் பொறுத்தவரை, வாங்காமல் இருப்பதே பெரும்பாலும் நல்லது. பொட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் 3046512 என்று இருந்தால் 304 ஸ்டாக்போல் நிறுவனம், 65 ஆண்டு, 12 வாரம். 137 என்றால் சிடிஎஸ். இந்த எண்தான் கிட்டாரின் சாட்சி. கரகரவென்று சத்தம் வருகிறது என்பதற்காக இதைக் கழற்றி எறியாதீர்கள். டீஆக்ஸிட் என்ற மின்தொடர்பு சுத்தம் செய்யும் தெளிப்பானைக் கால்கள் பக்கத்து இடுக்கில் ஒரு துளி விட்டு முப்பது நாற்பது முறை திருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். போனதே போனது என்றால் 250 கிலோ ஓம் சிடிஎஸ், பிளந்த தண்டு உள்ளதாக வாங்குங்கள். மலிவான மெட்ரிக் பொட்டின் கழுத்து பிக்கார்டின் (உடலின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடு) 9.5 மி.மீ. துளையில் ஆடும், தண்டின் பல் கணக்கும் வேறு, குமிழ் ஏறாது. முதலில் இருந்த சிஆர்எல் நிறுவன மூன்று நிலை ஸ்விட்ச் இன்றும் கிடைக்கிறது, ஐந்து நிலை இருந்த அதே இரண்டு திருகுத் துளையில் பொருந்தும். ஃபெண்டரே ஐந்து நிலைக்கு மாறியது 1977இல்தான். டோன் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் வட்டு. இதற்குக் கொள்ளை விலை கொடுக்காதீர்கள். டோன் குமிழை நன்றாகக் குறைத்தால் ஒழிய வித்தியாசம் காதுக்கு எட்டாது.

பிரிட்ஜ் பிக்கப் மட்டும் தொலைந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் தேடுங்கள். அடித்தகடு சாம்பல் நிறம், எனாமல் பூச்சுக் கம்பி, அல்நிகோ 5 காந்தம். மின்தடை 5.6 முதல் 6.2 கிலோ ஓம் வரை இருந்தால் மற்ற இரண்டோடு சேரும். 7க்கு மேல் போனால் அந்த ஒன்று மட்டும் தனியாகக் கத்தும்.

பிக்கார்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 1965 தொடக்கம் வரை வந்தவை செல்லுலாய்டு. வயதாக ஆக அது சுருங்கும். அதனால் கார்டின் துளையும் மரத்தின் துளையும் ஒத்துவராது. அழுத்தித் திருகினால் ஓரம் விரிசல் விடும். அந்தத் திருகை விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை. செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். கம்பிகளைச் சால்டர் செய்யும்போது சூடான இரும்பு அதில் படாமல் அட்டை வைத்து மறையுங்கள். புதுக் கார்டு வாங்கினால், பதினோரு திருகு என்பதோடு நிறுத்தாமல் 60களின் துளை அமைப்பா என்றும் கேளுங்கள். இன்றைய கார்டுகளில் ஒரு திருகின் இடம் மாறியிருக்கிறது.

வாங்கவே கூடாதது ஒன்று உண்டு: ஹம்பக்கர் குழியை அடைக்கும் மரத்துண்டு. அந்தக் குழி பிக்கார்டுக்கு அடியில் மறைந்து கிடப்பது. ஒற்றைச் சுருள் பிக்கப் தொங்குவதும் கார்டில்தான், மரத்தில் இல்லை. அடைத்தால் ஒலியில் லாபமில்லை. பசை வழிந்து பழைய பெயிண்ட் கெடும், பிறகு முழுதும் பெயிண்ட் அடிக்கச் சொல்வார்கள். மறுபெயிண்ட் அடித்த கிட்டாருக்குச் சந்தையில் பாதி விலைதான் என்பது பொதுவான கணக்கு.