லாஜிடெக் சி270: இரவு வகுப்புக்கு எப்படி இருக்கிறது?

பணி ஓய்வு பெற்ற பிறகும் கணக்கு சொல்லிக் கொடுப்பதை நான் விடவில்லை. கத்தாரில் வேலை பார்க்கிற எங்கள் குளச்சல்காரர்களின் பிள்ளைகள் நான்கு பேர் ஜூமில் வருகிறார்கள். அவர்கள் பள்ளி விட்டு வந்து சாப்பிட்டு உட்கார நாலரை மணியாகும். அப்போது இங்கே இரவு ஏழு. வீட்டிலிருப்பது பழைய டெஸ்க்டாப், அதில் கேமரா கிடையாது. அதனால்தான் யுஎஸ்பியில் சொருகும் இந்த வெப்கேமராவை வாங்கினேன்.

720பி படம், வினாடிக்கு 30 பிரேம், ஒன்றரை மீட்டர் கேபிள், உள்ளேயே மைக். யுஎஸ்பியில் சொருகியதும் விண்டோஸ் 10 தானாகவே எடுத்துக்கொண்டது. ஜூமில் மட்டும் முகம் வரவில்லை. சோதித்துப் பார்க்கத் திறந்த கேமரா ஆப்பை நான் மூடாமல் விட்டிருந்தேன். கேமராவை ஒன்று பிடித்து வைத்திருக்கும்போது இன்னொன்றுக்குக் கிடைக்காது. அதை மூடியதும் சரியாகிவிட்டது.

என்னை மூன்று நாள் அலைக்கழித்தது வேறு. பகலில் பளிச்சென்று தெரிந்த படத்தில் இரவு வகுப்பின்போது மட்டும் பட்டை பட்டையாக நிழல் ஓடியது. "டீச்சர், உங்க முகத்துல கோடு கோடா போகுது" என்றாள் ஆறாம் வகுப்புக் குட்டி. யுஎஸ்பியை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் மாற்றினேன், பலனில்லை. தக்கலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். "டீச்சர், கேமராவுக்கு ஒண்ணும் ஆகல்ல. டியூப் லைட்டு சோக் வச்சதா?" என்று கேட்டான். ஆமாம், சோக் வைத்த பழைய டியூப்தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது வினாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை என்று அந்த விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. கேமரா அமைப்பு 60 ஹெர்ட்ஸில் கிடந்தால் அதற்குத் தெரியும். ஓபிஎஸ் என்ற வீடியோப் பதிவு மென்பொருளை இறக்கச் சொல்லி, அதில் 'கான்பிகர் வீடியோ' போய், 'பவர்லைன் பிரீக்வென்சி' என்பதை 50 ஆக்க வைத்தான். பட்டை நின்றுவிட்டது. இரவில் வகுப்பெடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நோட்டைக் கேமராவுக்கு மிக அருகில் காட்டினால் எழுத்து மங்கும், இது பிக்சட் போகஸ், அதாவது தூரத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளாது. ஒரு கை தூரத்தில் பிடித்தால், பெரிதாக எழுதிய பின்னங்களைப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். என் திரையில் எண்கள் இடவலம் மாறித் தெரிந்ததைக் கண்டு முதலில் பதறிப்போனேன். அப்படித் தெரிவது நமக்கு மட்டும்தான், பிள்ளைகளுக்கு நேராகவே தெரியும். ஜூம் அமைப்பில் 'மிரர்' டிக்கை எடுத்தால் நமக்கும் நேராகிவிடும்.

முகம் பார்த்துப் பாடம் நடத்த இது தாராளமாகப் போதும். புத்தகத்தின் பொடி எழுத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஆட்டோ போகஸ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். லென்சுக்கு மூடியும் கிடையாது. எங்கள் வீட்டுக்கு உப்புக்காற்று நேராக அடிக்கும் என்பதால் வகுப்பு முடிந்ததும் கழற்றி, துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன். ஒன்றரை வருடமாகியும் யுஎஸ்பி முனையில் துரு ஏறவில்லை.