யாஹூவா, ஜிமெயிலா? வெளியே போகும் வழியைப் பாருங்கள்

கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு மெயில் போடவென்று 2003இல் டொக்யார்ட் வீதி நெட் கபே ஒன்றில் திறந்த யாஹூ கணக்கைப் போன வருடம்தான் கைவிட்டேன். இப்போது முழுக்க ஜிமெயில், அதனால் நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவில்லை.

மெயில்களைச் சேமிக்கத் தரும் இட விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2004 ஏப்ரல் 1இல் ஜிமெயில் 1 ஜிபி தருவதாகச் சொன்னபோது யாஹூவில் இருந்தது 4 எம்பி, ஹொட்மெயிலில் 2 எம்பி. பலர் அதை முட்டாள்கள் தினப் பகிடி என்றே நினைத்தார்கள். அண்ணா இரண்டு படம் அனுப்பினால் பழைய கடிதங்களை அழித்து இடம் பண்ணிய காலம் அது. இன்று ஜிமெயிலில் 15 ஜிபி, ஆனால் கூகுள் டிரைவில் வைக்கும் கோப்புகளும் கூகுள் போட்டோஸ் படங்களும் அதே பெட்டிக்குள்தான், கல்யாண வீட்டு வீடியோக்களை ஏற்றினால் நிரம்பிவிடும்.

பிறகு ஏன் 20 வருடம் யாஹூவிலேயே இருந்தேன்? 2013 ஊடுருவலில் 300 கோடிக் கணக்குகளும் சிக்கியதாக 2017இல் யாஹூவே சொன்னபோதும் நான் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு இருந்துவிட்டேன். விசுவாசமாவது மண்ணாவது, அந்த முகவரியை எங்கெங்கே கொடுத்தேன் என்பதே நினைவில்லை. மாறும்போது ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன், 31 இடம் வந்தது. ஒரு வங்கியில் படிவம் நிரப்பிக் கையெழுத்து வைத்த பிறகும் இரண்டு மாதம் கணக்கறிக்கை பழைய முகவரிக்கே போனது.

இந்த இடத்தில்தான் ஜிமெயில் ஜெயிக்கிறது. வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும் வசதி அதில் இலவசம். யாஹூ 2021இல் அதைக் காசு கட்டுபவர்களுக்கு என்று ஆக்கிவிட்டது. நாளைக்கு ஜிமெயிலும் வெறுத்துப்போனால் செட்டிங்கில் ஒன்றை மாற்றிவிட்டு ஆறுதலாக வெளியேறலாம். கணக்கைத் தொடாமல் விட்டாலும் ஜிமெயில் இரண்டு வருடம் பொறுக்கும், யாஹூ ஒரு வருடம்தான்.

மைக்ரோசொப்டின் அவுட்லுக்கை அலுவலகக் கணினியில் மட்டும் பாவித்திருக்கிறேன், அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். புரோட்டன் மெயிலை மூன்று மாதம் வைத்திருந்தேன். அந்தரங்கம் முக்கியம் என்றால் அது நல்லது, இலவசத்தில் 1 ஜிபிதான்.

யாஹூவை மூடவில்லை. மாதம் ஒருமுறை போனில் திறந்து பார்ப்பேன். விளம்பரங்களுக்கு நடுவே அண்ணாவின் மெயில் இருக்கும். எத்தனை தரம் சொல்லியும் பழைய முகவரிக்கே போடுகிறார்.